அச்சு அசல் நகல் என்று சொல்லிவிட முடியாது

உடல இனப்பெருக்கத்தில், அதாவது விதையில்லாமல் இலை, தண்டு, வேர் போன்ற உறுப்புகளிலிருந்தே முளைத்து வரும் செடி தாய்ச்செடியின் அச்சு அசல் நகல் என்று உங்கள் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. பெரும்பாலும் சரிதான். ஆனால் இலை ஓரத்தில் மஞ்சள் பட்டை ஓடுகிற ஸ்நேக் பிளான்ட் இருக்கிறதே, அதன் இலையில் ஒரு துண்டை வெட்டி மண்ணில் குத்தி வைத்துப் பாருங்கள், வேர் விட்டு மெதுவாகக் கிளம்பும் குட்டியில் மஞ்சளே இருக்காது, வெறும் பச்சைதான். அந்த இலையில் மரபணுவில் சற்றே வேறுபட்ட இரண்டு வகைத் திசுக்கள் சேர்ந்திருக்கின்றன, புதுக் குருத்து பச்சைத் திசுவிலிருந்து மட்டும் வருகிறது. பட்டை வேண்டுமென்றால் அடியில் உள்ள மட்டநிலத்தண்டோடு (மண்ணுக்குள் கிடைமட்டமாக ஓடும் தண்டு) பிரித்து நட வேண்டும்.

அப்புறம், உருளைக்கிழங்கையும் சர்க்கரைவள்ளியையும் ஒரே வகை என்று ஒரே கூடையில் போட்டுவிட்டீர்கள். முன்னது தண்டு, அதன் 'கண்' ஒவ்வொன்றும் மொட்டு. பின்னது வேர், அதற்குக் கண்ணே கிடையாது.

நகலாக இருப்பதை நன்மையாக மட்டும் சொன்னதும் இடிக்கிறது. ஒரே மரபணு என்றால் ஒரே பலவீனமும்தானே! 1845-இல் அயர்லாந்தில் கருகல் நோய் வந்தபோது பெரும்பாலும் ஒரே ரக உருளைக்கிழங்கை நம்பியிருந்த வயல்கள்தான் அழுகின. க்ரோ மிஷேல் வாழையும் பனாமா வாடல் நோயால் ஏற்றுமதிச் சந்தையை இழந்தது, அதன் இடத்துக்கு வந்த கேவண்டிஷும் பக்கக்கன்றிலும் திசு வளர்ப்பிலும் பெருக்கப்படுவதுதான், அதாவது அதுவும் நகல்தான்.