18 வயதுக்குப் பிறகு பெற்றோர் தானாகவே பாதுகாவலரா?

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18 வயது ஆன பிறகும் அப்பா அம்மாவே சட்டப்படி பாதுகாவலர், தனியாக எந்த உத்தரவும் வேண்டாம் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் அதை ஆமோதித்தும் இருக்கிறார்கள். மன்னிக்கவும், சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

பெற்றோரின் இயல்பான பாதுகாவலர் உரிமை 18 வயதோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு பிள்ளையின் பெயரில் இருக்கும் சொத்து விஷயத்தில் சட்டப்படி கையெழுத்துப் போட, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாவலர் நியமனம் பெறலாம். அதைத் தருவது கலெக்டர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழு. பெற்றோரே விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்று, எல்லோருக்கும் இது கட்டாயம் இல்லை. இந்த நபருக்குப் பாதுகாவலர் தேவையா, எந்தக் காரியத்துக்குத் தேவை என்று பார்த்துத்தான் குழு முடிவெடுக்க வேண்டும். அதுவும் நியாயம்தானே, வளர்ந்த பிள்ளையின் எல்லா முடிவையும் ஏன் நாம் எடுக்க வேண்டும்? நியமனம் ஆனால் பொறுப்பும் உண்டு: சொத்து விவரப் பட்டியலை 6 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

சரிபார்க்க விரும்புகிறவர்கள் அரசு சட்டங்களை வெளியிடும் இந்தியா கோட் (India Code) இணையதளத்தில் அந்தச் சட்டத்தின் 14-வது, 16-வது பிரிவுகளைப் படிக்கலாம், இரண்டும் சின்னதுதான். கடலூர்க்காரர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் “பாதுகாவலர் நியமனத்துக்கு என்ன செய்யணும்?” என்று நேரில் கேட்டுப் பாருங்கள்.