அது அழுக்கு இல்லீங்க

அந்த வீடியோ எதுன்னு உங்களுக்கே தெரியும், ரெண்டு நாளா எல்லா குரூப்லயும் சுத்துது, நான் லிங்க் போட மாட்டேன். பெரம்பூர் காயலான் கடையில வாங்கின மர இழைப்புளியை, அதான் தச்சருங்க மரத்தைச் சீவி வழுவழுப்பாக்குற கருவியை, மெஷின் வச்சு தேய்ச்சு, வார்னிஷ் அடிச்சு, "பல வருஷ அழுக்கை எடுத்துட்டோம் ஃப்ரெண்ட்ஸ்"னு சொல்றாரு அந்தத் தம்பி. அது அழுக்கு இல்லன்னு மரியாதையாத்தான் கமெண்ட் போட்டேன். வந்த பதில்: "அக்கா, பழைய கட்டைக்கு இவ்ளோ அழுகையா, போய் சமையலைப் பாருங்க." அதுக்கு நானூறு பேர் சிரிச்சிருக்காங்க. ராத்திரி சமையல் முடிச்சு பாத்திரம் கழுவி கவுத்துட்டு உக்காந்து எழுதுறேன், முழுசா படிங்க.

வீடியோ ஆரம்பத்துல ரெண்டே செகண்ட், நிறுத்திப் பாருங்க. கட்டையோட முன் நெத்தியில ரெண்டு இங்கிலீஷ் எழுத்து, பக்கத்துல ஒரு நம்பர், இரும்பு அச்சு வச்சு அடிச்சது. நூத்துக்கணக்குல ஆளுங்க வேலை செய்யுற பட்டறையில ஒருத்தன் உளி இன்னொருத்தன் கைக்குப் போயிடக்கூடாதுன்னு சொந்தக் கூலியில வாங்கின சாமான்ல பேரோட எழுத்தையும், பட்டறையில அவங்களுக்குக் குடுத்த டோக்கன் நம்பரையும் அடிச்சு வச்சிப்பாங்க. அடுத்த சீன்ல மெஷின் வருது, பேரு தூளாப் போகுது. ஒரு மனுஷனோட பேருங்க அது.

எங்க தாத்தா பெரம்பூர் கேரேஜ்ல, அதான் ரயில் பெட்டி ரிப்பேர் பண்ற பட்டறையில, தச்சு வேலை. 1856ல ஆரம்பிச்ச ஒர்க்‌ஷாப். ரயில் பெட்டி செய்யுற ஃபேக்டரி ஐ.சி.எஃப் 1955ல வந்து முழு இரும்புப் பெட்டி செய்ய ஆரம்பிச்சப்புறமும் மரப்பெட்டிங்க ஓடிட்டுத்தான் இருந்துச்சு, ரிப்பேருக்கு வர்ற பெட்டிக்கு ஜன்னல் சட்டம், கதவு, சீட்டுப் பலகைன்னு தேக்குல இழைச்சவரு. அவரோட இழைப்புளி என்கிட்ட இருக்கு. இடது பக்கம் கட்டைவிரல் வைக்கிற எடத்துல ஒரு குழி, புளியங்கொட்டை உக்கார்ற அளவுக்கு, செதுக்கினது இல்ல, விரல் பட்டுப் பட்டு தேஞ்சது. என் விரல் அந்தக் குழியில நிக்காது, அவருது பெரிய விரல். வேர்வையும் தேங்காயெண்ணெயும் ஊறிக் கறுத்த மரம். அதைத்தான் அழுக்குன்றாங்க.

பிளேடுக்கு நடந்தது இன்னும் கொடுமை. அதுல "காஸ்ட் ஸ்டீல்"னு முத்திரை லேசா தெரிஞ்சுது. அச்சுல வார்த்த இரும்புன்னு நெனைச்சுக்காதீங்க, மூசையில, அதான் சூடு தாங்குற மண் குடுவையில, உருக்கின எஃகு, 1740கள்ல ஷெஃபீல்டுல ஹன்ட்ஸ்மன் கண்டுபிடிச்ச முறை. நம்ம ஊர்ல அதுக்கு ரொம்ப முன்னாடியே மூசையில உருக்கு செஞ்சாங்க, அந்த இந்திய உருக்கை ஆராய்ஞ்சு ஃபாரடே 1819ல கட்டுரையே எழுதினாரு. அந்தக் காலத்துப் பிளேடு பலதுல எஃகு மெல்லிசா ஒரு தகடுதான், பின்னாடி சாதா இரும்பு. அதை கிரைண்டர்ல வச்சு நெருப்புப் பறக்கத் தேய்ச்சு, முனை நீலமானதும் "கலர் செமயா வருது பாருங்க"ன்றாரு. தம்பி, நீலம் வந்துச்சுன்னா சூடு முந்நூறு டிகிரி கிட்ட போயிடுச்சு, பதம் போச்சு. இனிமே அந்த முனையில கூர் நிக்காது. கிருஷ்ணாயில்ல ஒரு ராத்திரி ஊற வச்சு தேங்கா நார் போட்டு தேய்ச்சா துரு கழண்டு வந்திருக்கும், முத்திரை நின்னிருக்கும், அவ்ளோதான் வேலை.

"அவர் காசு, அவர் பொருள்"னு சொல்றீங்க. சரி, அவர் பொருள்தான். பேரு அவருது இல்லயே.

"அவர் வாங்கலன்னா கிலோ கணக்குல எடைக்குப் போயிருக்கும்"னு ஒருத்தர். உண்மைதான், நானும் எடைக்குப் போட்டிருந்த மூட்டையிலருந்து வாச்சி, கொட்டாப்புளியெல்லாம் பொறுக்கினவதான், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனா காப்பாத்திட்டு அழிக்கிறது என்ன காப்பாத்துறது?

இன்னொருத்தர், "குலத்தொழிலைத் தூக்கிப் பிடிக்கிறீங்களா"ன்னு கேட்டாரு. கேக்க வேண்டிய கேள்வி, எனக்கும் அந்த பயம் இருக்கு. ஆனா எங்க தாத்தா பரம்பரை ஆசாரி இல்லீங்க. மாட்டு வண்டி ஓட்டின வீடு. உளியைத் தொட விடாத ஆளுங்க நடுவுல, கேரேஜுக்குள்ள கலாசியா, அதான் எடுபிடி ஆளா போய், பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டு, மொத மாச தச்சர் சம்பளத்துல இந்த இழைப்புளியை மூர் மார்க்கெட்ல செகண்ட் ஹேண்டா வாங்கி, பழைய பேருக்குக் கீழ தன் பேரை அடிச்சவரு. குலம் குடுக்காத பேரு அது, அவரே சம்பாதிச்சது. அதைத் தேய்ச்சா சாதி எப்படி ஒழியும்? அவர் ஜெயிச்சதுக்கு இருக்குற ஒரே சாட்சிதான் ஒழியும்.

எனக்கு ஏன் இவ்ளோ வலிக்குதுன்னா இந்த அழுக்குன்ற வார்த்தை. வியாசர்பாடின்னு அட்ரஸ் சொன்னா காலேஜ்ல மூஞ்சி மாறும். நைனா ஒர்க்‌ஷாப்லருந்து வந்து எவ்ளோ சோப்பு போட்டாலும் நகக்கண்ணுல கருப்பு போகாது, என் கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டாளுங்க கை குடுக்க வந்தப்ப கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நின்னாரு. அந்தக் கைதான் எங்களைப் படிக்க வச்சுது. எங்க ஊரையும் எங்க கையையும் அழுக்குன்னு சொல்லிச் சொல்லி, இப்ப எங்க சாமானையும் தேய்ச்சுட்டு வார்னிஷ் அடிச்சு ஷோகேஸ்ல வைக்கிறீங்க.

வீடியோவை நிறுத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன். எழுத்து ஆர்.எம்., நம்பர் 417 மாதிரி தெரியுது, கடைசி எண் 1 ஆவும் இருக்கலாம். கேரேஜ்லயோ இன்ஜின் பட்டறை லோகோவுலயோ உங்க வீட்டுப் பெரியவங்க யாருக்காவது அந்த டோக்கன் இருந்துச்சான்னு இன்னைக்கு ராத்திரி கேட்டுப் பாருங்க. படம் கமெண்ட்ல போட்டிருக்கேன்.