குண்டு பறக்கும்போதே வரைந்தவர்
கப்பல் ஓவியர்கள் கரையில் பத்திரமாக உட்கார்ந்து, மாலுமிகள் சொன்னதைக் கேட்டுக் கற்பனையில் வரைந்தவர்கள் என்று கடல் ஓவியங்களைப் பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. மூத்த வில்லெம் வான் டி வெல்டே என்ற டச்சுக்காரரைப் பாருங்கள். 1666-ல் ஆங்கிலேயருடன் நான்கு நாள் நடந்த கடற்போரின்போது டச்சுக் கடற்படையோடு ஒரு சிறு பாய்மரக் கப்பலில் போய், குண்டு பறக்கும்போதே காகிதத்தில் வரைந்தார். பாய், கயிறு, கப்பலின் பின்புறச் செதுக்கு வேலை வரை எல்லாம் அவர் கோடுகளில் இருக்கும். அந்தக் காலக் கப்பல்களைப் பற்றி அறிய ஆய்வாளர்கள் இன்றும் அவற்றைத்தான் புரட்டுகிறார்கள். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், இப்படி வரைந்தால் சோறு கிடைத்திருக்குமா என்று கேட்டிருக்கிறார். கிடைத்தது. 1672-ல் பிரெஞ்சுப் படையெடுப்பால் ஹாலந்தில் ஓவியம் வாங்க ஆளில்லாமல் போக, அவரும், அதே பெயர் கொண்ட ஓவியரான மகனும் எதிரி நாடான இங்கிலாந்துக்கே போய்ச் சேர்ந்தார்கள். 1674-ல் மன்னர் இரண்டாம் சார்லஸ் ஆளுக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு சம்பளம் போட்டார்: கடற்போர்களைக் கோட்டோவியமாக்க அப்பாவுக்கு, அவற்றை வண்ணத்தில் தீட்ட மகனுக்கு. அப்புறம் கிரீனிச்சில் அரசி மாளிகையில் வேலை செய்ய இடமும் கிடைத்தது. கட்டுரை மகனின் எண்ணெய் ஓவியங்களைப் புகழ்ந்துவிட்டு அப்பாவை ஒரே வரியில் கடந்துபோவது நியாயமே இல்லை. அப்பா நேரில் பார்த்து வரைந்த காகிதங்கள் இல்லாமல் மகனின் ஓவியங்களில் பல உருவாகியிருக்காது.