ஜான் வேற, யோவான் வேறயாம்!

“ஜான் வேற, யோவான் வேற சார். ஆள் மேட்ச் ஆகல.”

அவ்வளவுதான். காலைல பத்து மணிக்கு டோக்கன் வாங்கி நின்ன வாரிசுச் சான்றிதழ் மனு, மத்தியானம் ஒரு மணிக்கு இந்த ஒரே வரியில காலி.

செத்துப்போன பெரியவர் ஒருத்தர்தான். சர்ச்சுல திருமுழுக்கு, அதான் ஞானஸ்நானம், பதிவேட்டுல யோவான். வீட்டுப் பத்திரத்துல அருளப்பன். ரேஷன் கார்டுலயும் இறப்புச் சான்றிதழ்லயும் ஜான். எல்லாம் ஒரே பேர்தான்னு சொன்னா, “அதெப்படிங்க? அது ஜா, இது யோ. எழுத்தே வேற இல்ல?”ன்னு தமிழ் வாத்தியார் மாதிரி பாடம்.

“சரி, அருளப்பன் யாரு?”
“அவர்தான் சார்.”
“அவர்னா எவரு? ஜானா, யோவானா?”
“மூணும் அவர்தான்.”
“ஓ, அண்ணன் தம்பியா?”
“இல்ல சார், ஒரே ஆள்.”
“ஜான் செத்துட்டாரு, ஒத்துக்கறேன். சர்டிபிகேட் இருக்கு. அருளப்பன் செத்ததுக்கு ஆதாரம் எங்க?”

அதானே! ஜானை அடக்கம் பண்ணின அன்னிக்கே அருளப்பன் எழுந்து பெரம்பூர் பஸ் ஏறிப் போயிட்டார் போல.

எபிரேயத்துல யோஹானான். ‘கடவுள் அருளினார்’னு அர்த்தம். அந்த அருளைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கத்தோலிக்கர் அருளப்பர்னு தமிழாக்கினாங்க. பழைய பைபிள்ல ‘அருளப்பர் நற்செய்தி’ன்னே இருக்கும். லத்தீன்ல ‘ஜே’ எழுத்துக்கு ‘ய’ ஓசை, இங்கிலீஷ்ல அதே எழுத்துக்கு ‘ஜ’. ஜாவும் யோவும் பிரிஞ்ச கதை இவ்வளவுதான். லிஸ்பன்ல பிறந்து 1693-ல ஓரியூர்ல வெட்டுப்பட்ட பாதிரியார் ஜான் டி பிரிட்டோதான் நம்ம ஊர் அருளானந்தர். இதே சென்னையில, வேப்பேரியில உக்காந்து பைபிளைத் தமிழாக்கி, 1779-ல தமிழ் அகராதியும் போட்ட ஜெர்மன் பாதிரியார் பெப்ரிசியஸோட பேரே யோஹான் பிலிப். அவர் வந்து நின்னாலும் இந்த கவுன்டர்ல இனிஷியல் தப்புன்னு திருப்பி அனுப்புவாங்க.

ரஷ்யாவுல இவான், ஸ்பெயின்ல ஹுவான், அயர்லாந்துல ஷான், திருவல்லிக்கேணி முஸ்லிம் வீட்டுல யஹ்யா. எல்லாம் இதே பேர். பிரெஞ்சுல ழான். விக்டர் ஹ்யூகோவோட ‘லே மிஸராப்ல’ கதையில ஜெயில்லேர்ந்து வந்த ழான் வல்ழானும் ஒரு ஜான்தான். அந்தாள் பேரை மாத்திக்கிட்டு மேயராவே ஆனபோதும் ஜாவெர் இன்ஸ்பெக்டர் மோப்பம் பிடிச்சுட்டான். அந்தக் கதையைத் தமிழாக்கி 1950-ல வந்த ‘ஏழை படும் பாடு’ படத்துல அந்த இன்ஸ்பெக்டர் வேஷம் கட்டினவருக்கு ஜாவர் சீதாராமன்னு பேரே நிலைச்சுது. பேர் மாறியும் ஆளைக் கண்டுபிடிச்சவன் அவன். இங்க பேர் மாறாமலே ஆளைத் தொலைக்கறாங்க.

ஆதார் கதை தனி. இங்கிலீஷ்ல பேரை அடிச்சதும் தமிழை மென்பொருளே போட்டுக்கும். பெரியவருக்குப் போட்டது ‘ஜோன்’. யாழ்ப்பாணத்துல சரி, அங்க அப்படித்தான் எழுதுவாங்க. சென்னையில ஜோன்னா 1431-ல உயிரோட எரிச்சாங்களே, அந்த ஜோன் ஆஃப் ஆர்க் பொண்ணு! உங்க பக்கம் திரும்பியிருக்கிற திரையில தமிழ் எழுத்தை ஒவ்வொண்ணா படிக்காம தலையாட்டாதீங்க. பேரை ஆயுசுக்கு ரெண்டு தடவைதான் மாத்த விடுவாங்க.

இனி வழி? உறுதிமொழிப் பத்திரம்தான். ‘ஜான் என்கிற ஜோன் என்கிற யோவான் என்கிற அருளப்பன்’னு, எந்தக் காகிதத்துல எப்படி இருக்கோ அப்படியே, புள்ளி பிசகாம, அந்தக் காகிதத்தோட எண்ணும் தேதியும் சேர்த்து எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கணும். நிறைய பேர் இனிஷியலை விட்டுடுவாங்க, அங்கதான் மறுபடி மாட்டும். அப்பா பேர் யோவான்னா பையன் பழைய மார்க் ஷீட்டுல ‘யோ.’, பான் கார்டைப் பார்த்துத் தமிழ்ல எழுதினவன் கையில ‘ஜெ.’. அதுக்கும் ஒரு ‘என்கிற’ போடுங்க.

லூக்கா முதல் அதிகாரத்துலயே இந்தப் பஞ்சாயத்து இருக்கு. குழந்தைக்கு யோவான்னு பேரா, உங்க சொந்தத்துல ஒருத்தருக்கும் அந்தப் பேர் இல்லையேன்னு சொந்தக்காரங்க மல்லுக்கு நின்னாங்க. பேச்சு நின்னுபோன அப்பா சகரியா ஒரு எழுத்துப்பலகை கேட்டு வாங்கி, இவன் பேர் யோவான்னு எழுதினார். முடிஞ்சுது. நோட்டரி இல்ல, மூணு ஜெராக்ஸ் இல்ல.

அவருக்கு எழுத ஒரு பலகையாவது கொடுத்தாங்க. இங்க கவுன்டர்ல சணல் கயித்துல ஒரு பேனாவைக் கட்டித் தொங்க விட்டிருக்காங்களே, அதுல ரீஃபிலே இல்லய்யா! காலிக் கூட்டை யாரு திருடப் போறான்னு கயிறு?