கிழங்கைத் தடவினால் ஹார்மோன் வராது

வைல்ட் யாம் க்ரீம் என்று ஒன்றை இணையத்தில் விற்கிறார்கள். காட்டுவள்ளிக் கிழங்கின் சாறாம். வயிற்றிலும் தொடையிலும் தடவினால் கருவைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் கூடும், கரு தங்கும் என்பது விளம்பரப் பேச்சு. போதாததற்கு, மிக நுண்ணியதாகப் பொடித்தது என்று காட்ட இப்போது 'நானோ' என்றும் முன்னால் ஒட்டிக்கொண்டார்கள். குழந்தைக்காகக் காத்திருப்பவர்களிடம் இதைக் கொண்டுபோய் விற்பது பச்சை அநியாயம்.

இதில் பாதி உண்மை கலந்திருப்பதுதான் வம்பு. புரோஜெஸ்டிரோன் மருந்து மலிவானது கிழங்கால்தான். 1940-களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர், மெக்சிகோவின் வேராகுரூஸ் பகுதியில் விளையும் கிழங்கிலிருந்து டையோஸ்ஜெனின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்துப் புரோஜெஸ்டிரோனாக மாற்றினார். 1944-இல் மெக்சிகோவில் சின்டெக்ஸ் என்ற மருந்து நிறுவனம் தொடங்கியதும் அதை நம்பித்தான். மாற்றியது எப்படி? அசெட்டிக் அன்ஹைட்ரைடோடு சேர்த்து, மூடிய கலத்தில் சுமார் 200 டிகிரியில் சூடாக்கி, பிறகு குரோமிக் அமிலத்தில் போட்டு, அதற்கப்புறமும் சில படிகள். நம் தோலிலோ கல்லீரலிலோ அந்த உலை கிடையாது. டையோஸ்ஜெனினை எவ்வளவு பொடித்தாலும் அது டையோஸ்ஜெனினாகவேதான் உள்ளே போகும்.

பொடிப்பதால் நிஜமாகவே பலன் கிடைத்தது புரோஜெஸ்டிரோன் காப்ஸ்யூலில். சாதாரணப் படிகமாக விழுங்கினால் குடல் சரியாக உறிஞ்சாது. உறிஞ்சியதையும் கல்லீரல் உடைத்துவிடும். அதனால் 10 மைக்ரானுக்கும் கீழே பொடித்து, எண்ணெயில் கலந்து அடைக்கிறார்கள். அப்படியும் வாய்வழி போனால் கல்லீரலில் உண்டாகும் துணைப்பொருள் மூளைக்கு ஏறித் தூக்கம் தள்ளும். ராத்திரி படுக்கும்போது போடச் சொல்வது இதனால்தான். ஐவிஎஃப் சிகிச்சையில் பிறப்புறுப்பு வழியாக வைக்கச் சொல்வது கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போக. அப்போது ரத்தத்தில் அளவு குறைவாகக் காட்டினாலும் கருப்பையில் நன்றாகச் சேர்ந்திருக்கும். லேப் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணைப் பார்த்து, மருந்து ஏறவில்லை என்று நீங்களாகவே டோஸைக் கூட்டாதீர்கள். மறுநாள் காலையில் கொஞ்சம் எண்ணெய் வழிவதும் சகஜம், மருந்து முழுக்க வெளியே வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சில பிராண்டுகளில் அது கடலை எண்ணெய். வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இத்தனை வேலை செய்யும் அந்த 10 மைக்ரான் என்பது 10,000 நானோமீட்டர். நானோ என்றால் பொதுவாக 100 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இது நானோவே இல்லை!

தோல் பக்கம் வந்தால் இதே கதை கார்போகரிசியில். நம் ஊர் குளியல் பொடியில் சேர்க்கிற அதே விதைதான். அதிலிருந்து பிரிக்கும் பாக்குச்சியால், தோல் சுருக்கத்துக்குத் தடவும் ரெட்டினாலுக்கு (வைட்டமின் ஏ வகை) மாற்று என்று சீரமாக வருகிறது. 2019-இல் 44 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வில், 0.5 சதவீதப் பாக்குச்சியாலை தினம் இரண்டு வேளை தடவியவர்களுக்கும் 0.5 சதவீத ரெட்டினாலை ஒரு வேளை தடவியவர்களுக்கும் சுருக்கமும் கருமையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தன. தோல் உரிவதும் எரிவதும் ரெட்டினாலில்தான் அதிகம். நல்ல செய்திதான். ஆனால் அது கர்ப்பப் பாதுகாப்பைச் சோதித்த ஆய்வு அல்ல. கர்ப்பத்தில் ரெட்டினால் கூடாது என்பதிலிருந்து 'ஆகவே இது கூடும்' என்று தாவுவது வியாபாரிகளின் தர்க்கம்.

இதிலும் 'நானோ பாக்குச்சியால்' எதற்கு என்று கேளுங்கள். மூலக்கூறு எடை 500 டால்டனுக்குள் இருந்தால் தோல் ஓரளவு வழிவிடும் என்பது பொதுக்கணக்கு. பாக்குச்சியாலின் எடை 256, எண்ணெயில் கரையும். தள்ளிவிட ஆள் தேவையில்லை. இன்னும் ஆழமாகப் போகும் என்று பெருமையடிப்பவர்களே 'மென்மையானது, கர்ப்பிணிகளும் தடவலாம்' என்றும் அதே டப்பாவில் அச்சடிப்பது எனக்குப் புரியவே இல்லை.

வாங்குவதானால் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். 'பாக்குச்சியால்' என்று தனியாக இருந்தால் அது பிரித்தெடுத்த பொருள். 'சொராலியா கோரிலிஃபோலியா விதை எண்ணெய்' (கார்போகரிசியின் தாவரப் பெயர்தான் அது) என்றிருந்தால் அதில் சொராலென் என்ற பொருளும் இருக்கலாம். தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து சிவக்கும், பிறகு கறுத்துத் திட்டாக நிற்கும். வெண்குட்டத்துக்கு இந்த விதையைப் பூசி வெயில் காட்டியதே அந்தக் குணத்துக்காகத்தான். குளியல் பொடி சில நிமிடத்தில் கழுவிப் போய்விடுகிறது. எண்ணெயும் சீரமும் நாள் முழுக்கத் தோலிலேயே இருக்கும்.