குரோமோலி குழாய் குறைவாக வளையுமா?

ஸ்போர்ட் ஏடிவி (கரடுமுரடான தரையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) ஃபிரேமை மாற்றிக் கட்டும்போது 4130 குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) குழாய் போட்டால் எம்எஸ் (சாதாரண மென் எஃகு) குழாயைவிடக் குறைவாகத்தான் வளையும், அதனால் 2 மிமீ கனத்துக்கு 1.5 மிமீ போதும் என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். காரைக்குடிப் பக்கப் பட்டறைகளிலும் இந்தப் பேச்சு உண்டு.

குரோமோலி பலமானது என்பது சரிதான் அண்ணே. நிரந்தரமாக மடங்கிப்போகும் முன் அதிகப் பாரம் தாங்கும். ஆனால் பாரம் ஏறும்போது எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பது வேறு கணக்கு. அதைச் சொல்லும் யங் குணகம் இரண்டு எஃகுக்கும் ஏறத்தாழ 205 கிகாபாஸ்கல். ஒரே அளவுக் குழாய் என்றால் வளைவும் ஒன்றே.

நீங்களே பார்க்கலாம். 25 மிமீ விட்டம், 2 மிமீ கனத்தில் இரண்டிலும் ஒரு துண்டு எடுங்கள். வைஸில் மரக்கட்டை வைத்துப் பிடித்து, 1 மீட்டர் வெளியே நீட்டி, நுனியில் 10 கிலோ தொங்கவிடுங்கள். தொங்கவிடும் முன்னும் பின்னும் தரையிலிருந்து நுனி உயரத்தை அளங்கள். இரண்டுமே சுமார் 17 மிமீ இறங்கும். வைஸ் அசைந்தால் கொஞ்சம் கூடும், இரண்டுக்கும் ஒரே மாதிரி. 1.5 மிமீ குரோமோலியோ சுமார் 21 மிமீ இறங்கும்.

விறைப்புதான் வேண்டுமென்றால் விட்டத்தைக் கூட்டுங்கள். அதே 2 மிமீ கனத்தில் 25ஐ 32 ஆக்கினால் விறைப்பு இரண்டு மடங்கைத் தாண்டும், எடை 30 சதவீதம்தான் ஏறும். முன்சக்கரத்தை ஃபிரேமோடு இணைக்கும் ஏ-ஆர்ம் பிடிக்கும் இடத்தில் கை வைப்பவர்கள், பழைய குழாயை வெட்டும் முன் தயவுசெய்து இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்.