விட்டதைப் பிடிக்கிற ஆசை

சூதாட்டத்தில் தோற்ற பணம் போனது போனதுதான், ஆட்டத்தை விட்டு எழுந்துவிடுங்கள் என்று உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். அது எவ்வளவு கஷ்டம் என்று காசிமேட்டில் எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். ஆன்லைன் ரம்மியில் அண்ணன் முதல் வாரமே 9,000 ரூபாய் ஜெயித்தான். அதுதான் வினை. அப்புறம் ராத்திரியெல்லாம் போர்வைக்குள் போன் வெளிச்சம். பத்து ஆட்டம் தோற்றால் பதினொன்றாவது வந்தே தீரும் என்பான். சீட்டுக்கு முந்தின ஆட்டம் ஞாபகமா இருக்கும்? அண்ணியின் தாலிச்சரடு அடகுக்குப் போனது. 2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்ததும் விற்கும் கடையே இல்லாமல் அப்பா லாட்டரி வாங்குவதை விட்டுவிட்டார். போன் அப்படியா, பாக்கெட்டிலேயே இருக்கிறது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்க 2025-இல்தான் மத்திய சட்டம் வந்தது. இப்போது அண்ணனிடம் பட்டன் போன்தான். சரடைப் போன மாதம் மீட்டோம். அண்ணி அதைக் கழுத்தில் போடும்போது அவன் தலை நிமிரவே இல்லை.